அப்பா நரைக்க மறுக்கிறார்

அப்பாவை நரைக்க வைத்தே தீர வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்தது தீபாவளிக்கு மறுநாள் காலை, டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில். வீட்டிலிருந்து கிளம்பும்போதே அப்பா முகக்கவசம் போட்டிருந்தார். டாக்டரின் அறைக்குள் போய்த்தான் கழற்றினார். மேலுதடு வீங்கி மூக்கை முட்டிக்கொண்டிருந்தது. மீசைக்கடியில் வரிசையாகக் கொப்புளங்கள். காதோரங்களில் சிவப்பு. நெற்றியின் மேல்விளிம்பில் யாரோ சூடான கம்பியை வைத்து எடுத்ததுபோல் ஒரு கோடு.

டாக்டர் என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்த தமிழ்ப்பெண்ணாக இருக்கலாம்.

“மீசைக்கு என்ன போட்டீங்க அங்கிள்?”

“ஒண்ணும் போடல.”

“டை அடிச்சாரு டாக்டர்,” என்றேன் நான். “தலைக்கும் மீசைக்கும். தீபாவளிக்கு முதல் நாள்.”

அப்பா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு காட்டிக்கொடுத்தவளுக்கான மரியாதை இருந்தது. டாக்டர் கொப்புளங்களை டார்ச் அடித்துப் பார்த்தார். கறுப்புச் சாயத்தில் இருக்கும் ரசாயனம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இத்தனை வருஷம் ஒத்துக்கொண்டது என்பதற்காக இனிமேலும் ஒத்துக்கொள்ளும் என்று அர்த்தமில்லை என்றார். “இந்தத் தடவை உதட்டோட போச்சு அங்கிள். அடுத்த தடவை தொண்டை வீங்கலாம், மூச்சு விட முடியாமப் போகலாம். எந்தக் கம்பெனி டையா இருந்தாலும் வேண்டாம்.”

தொண்டை என்ற சொல் எனக்குள் மணியடித்தது. காரில் ஏறி வண்டியைக் கிளப்பும்வரை அது ஓயவில்லை. அப்பாவுக்கு வேறு கவலை.

“அந்தப் பொண்ணு எத்தனை தடவை அங்கிள் அங்கிள்னு கூப்பிட்டுச்சு பாத்தியா?”

“ப்பா, அவங்க தொண்டையப் பத்திப் பேசுனாங்க.”

“கேட்டேன் லா. ஆனா டாக்டர் பேஷண்ட்ட சார்னுதானே கூப்பிடணும்?”

ஸ்டீயரிங்கில் நெற்றியை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கிளினிக் வாசலைத் தாண்டும் முன்பே முடிவெடுத்தேன். இந்த மனிதரை நரைக்க வைக்க வேண்டும்.

அப்பா ஏன் இப்படி என்பதைச் சொல்லாமல் மேலே போனால் அவரை வெறும் அலங்காரப் பிரியர் என்று நினைத்துவிடுவீர்கள். வாரநாட்களில் அவர் தீவிலிருந்து கடல் பாலம் தாண்டிப் போய் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையின் சரக்குக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறார். வார இறுதிகளில் கல்யாண விருந்துகளில் பாடுகிற ஓர் இசைக்குழுவின் பாடகர். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து பாடுகிறார். இந்த விருந்துகளுக்கு எழுதப்படாத ஒரு வரிசை உண்டு. விருந்தினர்கள் தங்கள் மேசையைத் தேடி அலைந்துகொண்டு, குழந்தைகள் நாற்காலிகளுக்கிடையே ஓடிக்கொண்டு, மைக் கீச்சிட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் முதலில் ஒரு பக்திப் பாட்டு. அதை யாரும் கேட்பதில்லை. பிறகு சூப், மீன், கோழி. கோழிக்குப் பிறகுதான் ஜோடிப் பாட்டு. வயிறு நிறைந்து, வெட்கம் குறைந்து, ஜனங்கள் எழுந்து மேடைக்கு முன்னால் ஆடத் தொடங்கும் நேரம் அது.

அப்பா கோழிக்குப் பிறகு பாடுகிறவர். அவருக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்த ஒருவர், தலை வெளுத்த வருஷமே பக்திப் பாட்டுக்கு மாற்றப்பட்டார். யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. பாட்டுப் பட்டியலில் அவர் பெயர் மேலே போய்விட்டது, அவ்வளவுதான். இசைக்குழுவில் இப்போது புதிதாக ஒரு பையன் வேறு சேர்ந்திருக்கிறான். இறுக்கமான கால்சட்டை, சரியாக வெட்டிய தாடி. சுருதி சுமார். அப்பா அந்தப் பையனைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தைகூடத் தப்பாகப் பேசியதில்லை. ஆனால் அவன் வந்த பிறகு மாதம் ஒரு முறை அடித்த சாயம் பத்து நாளைக்கு ஒரு முறை ஆனது.

நான் பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இன்ஜினியர். ஒரு சிக்கலைக் கண்டால் மூலகாரணத்தைத் தோண்டி எடுக்காமல் எனக்குச் சோறு இறங்காது. அன்றே சாயங்காலம் அந்த ரசாயனத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து, படங்களோடு கோத்து, வீட்டு டிவியில் போட்டுக்காட்டினேன். வீங்கிய கண்கள், வீங்கிய முகங்கள். அம்மா தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பிள்ளைகள் பேச்சுப்போட்டியில் பேசுவதைக் கேட்கிற முகத்தோடு கடைசிவரை உட்கார்ந்திருந்தார். அப்பா பாதியிலேயே எழுந்து குளியலறைக்குப் போய், இரண்டு கையும் கொள்ளாமல் என் பாட்டில்களோடு திரும்பி வந்தார். ஒவ்வொன்றாகக் காப்பி மேசையில் வைத்தார்.

“இது என்னாது?”

“சீரம்.”

“எதுக்கு?”

“தோல் சுருக்கத்துக்கு.”

“எங்க இருக்கு சுருக்கம்?”

“இனிமே வராம இருக்க.”

“ஓ. வராத சுருக்கத்துக்கு நீ மருந்து போடலாம். வந்த நரைக்கு நான் போடக்கூடாது.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. அது வேறு, இது வேறு என்று ஆரம்பித்தேன். எப்படி வேறு என்று கேட்டார்கள். என் சீரத்தால் என் உதடு வீங்கவில்லை என்றேன். அது உண்மைதான். ஆனால் இருபத்தைந்து வயதில் நான் கண்ணாடி முன்னால் எதைத் தேடி நின்றுகொண்டிருக்கிறேன் என்பதற்கு அது பதிலில்லை என்று எனக்கே தெரிந்தது. எரிச்சல் இரட்டிப்பானது.

இரண்டு வாரம் அமைதியாகப் போனது. தலையின் அடிப்பக்கம் வெள்ளை எட்டிப்பார்த்தது. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை காலை அப்பாவின் ஒரு காது மட்டும் பொரித்த அப்பளம்போல் உப்பியிருந்தது.

“என்ன போட்டீங்க?”

“ரசாயனம் இல்ல. மூலிகை. கறுப்பு மருதாணி. செடிலேர்ந்து வர்றது.”

“மருதாணி கறுப்பா வராதுப்பா. சிவப்பாத்தான் வரும்.”

“இது வேற ஜாதி. ஆன்லைன்ல ஒரு அம்மா நேரடியா பூசிக்காட்டுனாங்க. நான் எடுத்தவுடனே தலையில போடல, தெரியுமா. நீ சொன்ன மாதிரியே காதுக்குப் பின்னாடி கொஞ்சமா வச்சுப் பாத்தேன்.”

பொட்டலத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். முன்பக்கம் பச்சை இலைகள், ஒரு முனிவர், நீர்வீழ்ச்சி. பின்பக்கம் எறும்பு எழுத்தில் அதே ரசாயனத்தின் பெயர். மருதாணியைக் கறுப்பாக்குவதே அதுதான். அதை அவருக்குப் படித்துக்காட்டினேன். இலை போட்டிருக்கும் பொட்டலத்தில் ரசாயனம் இருப்பது ஏமாற்று வேலை என்று அந்த அம்மாவின் மேல் கோபப்பட்டார். தன் மேல் கொஞ்சமும் கோபமில்லை. ஆனால் நான் சொன்னபடி காதில் வைத்துப் பார்த்திருக்கிறார். என் டிவிப் பாடத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்டது அதை மட்டும்தான். சாயத்தை நிறுத்துவது எப்படி என்பதை விட்டுவிட்டு, எப்படித் தொடர்வது என்பதைக் கற்றுக்கொண்டிருந்தார்.

காரணம் புரிந்தது. படிப்படியாக வெளுப்பதுதான் அவரால் முடியாதது. இந்த வாரம் கறுப்பாக இருந்த தலை அடுத்த வாரம் இரண்டு நிறமாக இருந்தால், இதுவரை அடித்ததும் சேர்த்து ஊருக்குத் தெரிந்துவிடும். நடுவில் ஒரு திரை விழ வேண்டும். திரை எழும்போது வெள்ளையாக வந்து நிற்க வேண்டும். ஆலையில் மதியச் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது எனக்குப் பொறி தட்டியது. தைப்பூசம். மொட்டை. தண்ணீர்மலை முருகன் கோயிலில் அன்றைக்கு யார் மொட்டை போட்டாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். வளரும்போது வெள்ளையாக வளர்ந்தால், மொட்டைக்குப் பிறகு இப்படித்தான் வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

வீட்டுக்குப் போய் மூச்சுவிடாமல் சொன்னேன். அப்பா தட்டிலிருந்து கையை எடுத்தார்.

“சாமிக்கு முடி கொடுக்குறது டை அடிச்சத மறைக்கிறதுக்கா?”

“மறைக்கிறதுக்கு இல்லப்பா, நிறுத்துறதுக்கு.”

“வேண்டுதல் இல்லாம மொட்டை போடக்கூடாது. என்னா வேண்டிக்கிறது?”

“உடம்பு நல்லா இருக்கணும்னு வேண்டிக்குங்க.”

“உடம்பு நல்லாத்தான் இருக்கு.”

அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே, “உதட்டையும் காதையும் தவிர,” என்றார்.

இந்த வாதம் மார்கழி முழுவதும் நடந்தது. ஒரு நாள் திடீரென்று அவரே விரதத்தை ஆரம்பித்தார். வேண்டுதல் கிடைத்துவிட்டதாம். என்ன வேண்டுதல் என்று கேட்டதற்கு, “என் மக என்னைக் கொஞ்ச நாள் நிம்மதியா விடணும்னு,” என்றார்.

தைப்பூசத்தன்று விடியற்காலையில் கூட்டத்தோடு நின்று, முறை வந்ததும் அப்பா பலகையில் உட்கார்ந்தார். தலை முடிந்ததும் நாவிதர் கத்தியை நிறுத்தி, “மீசை, அண்ணே?” என்று கேட்டார். மீசைக்காக அப்பா சண்டை பிடிப்பார் என்றே எதிர்பார்த்தேன்.

“கொடுக்குறதுன்னா முழுசாத்தான்,” என்றார் அப்பா.

மீசையில்லாத அப்பாவை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். உதட்டுக்கு மேலே தோல் வெளுத்து, சின்னதாக, வெயிலே படாத ஓர் இடம் இருந்தது. அந்த முகம் எனக்குப் புதிது. கொஞ்சம் பயந்த முகம். சந்தனம் பூசிய தலையோடு அவர் எழுந்து நின்றபோது, இந்த வேலையை முடித்துவிட்டோம் என்ற பெருமையில் எனக்குக் கண் கலங்கியது. பெருமை ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை.

அந்த வார இறுதி ஒத்திகைக்கு அப்பாவை நான்தான் கொண்டுபோய் விட்டேன். இசைக்குழுவின் தலைவர் கீபோர்டு வாசிப்பவர், அப்பாவைவிட இளையவர். மொட்டைத்தலையைச் சுற்றி வந்து பார்த்தார்.

“அண்ணே, பத்து வயசு கொறைஞ்சு போச்சு. வயசே தெரியல. வில்லன் மாதிரி ஸ்டைலா இருக்கீங்க.”

அந்த மனிதரின் கீபோர்டை எடுத்துக் கடலில் போட்டிருக்கலாம். அப்பாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அது எனக்கு நன்றாகத் தெரிந்த வெளிச்சம். அடுத்த நாளே மின்சார ஷேவர் ஒன்று வீட்டுக்கு வந்தது. விலை நூற்றைம்பது வெள்ளி. காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் தலை. ஒரு வெள்ளை முளை வெளியே வந்து உலகத்தைப் பார்க்க முடியாது, அதற்குள் சிரைத்துவிடுவார்.

“வளரட்டும்னுதானே மொட்டை போட்டோம்?” என்று கத்தினேன்.

“சாயம் அடிக்கலயே. தொண்டை வீங்கலயே. டாக்டர் சொன்னதக் கேட்டுட்டேன். இன்னும் என்னா வேணும் உனக்கு?”

தர்க்கப்படி அவர் பக்கம்தான் நியாயம். என் பிரச்சினை தொண்டையாக இருந்தால் அது தீர்ந்துவிட்டது. மீசையை மட்டும் அவர் வளர்த்தார், அது உப்பு மாதிரி வெள்ளையாக வந்தது. மேடையேறும் முன் என் புருவப் பென்சிலை எடுத்து அதைக் கறுப்பாக்கிக்கொண்டார். ஜெலுத்தோங்கில் ஒரு கல்யாணத்தில் ஏர்கான் வேலை செய்யவில்லை. ஜோடிப் பாட்டின் இரண்டாவது சரணத்தில் வேர்வையோடு கறுப்பு இறங்கி உதட்டோரம் ஓடியது. கூடப் பாடிய பெண் பாடிக்கொண்டே டிஷ்யூ நீட்டினாள். அவர் பாடிக்கொண்டே துடைத்தார். பாதி மீசை கறுப்பு, பாதி வெள்ளை. யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எல்லோரும் பார்க்காததுபோல் பார்த்தார்கள்.

மறுவாரம், அம்மாவின் தங்கை மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க லிட்டில் இந்தியாவுக்கு மூன்று பேரும் போனோம். அம்மா கோவிட் எம்.சி.ஓ. ஊரடங்குக் காலத்தில் சலூன்கள் மூடியிருந்தபோது சாயத்தை விட்டவர். திரும்ப அடிக்க நேரமில்லை, அப்புறம் மனமில்லை. முழுத்தலையும் வெள்ளி. அது அவருக்கு அழகாக இருக்கிறது என்று நான் சொல்வேன். அம்மா பதில் சொல்லமாட்டார். அவருக்கு அதைப் பற்றி ஒரு கருத்தும் இல்லை என்றே நினைத்திருந்தேன்.

கடையில் ஒரு சின்னப்பெண் புடவைகளை உதறி உதறிப் போட்டாள். கலகலப்பான பெண். அரக்கு நிறத்தில் ஒன்றை எடுத்து அம்மாவின் தோளில் போட்டுவிட்டு, அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

“இது உங்க அக்காவுக்கு எடுப்பா இருக்கும்ணே.”

நான் வாயைத் திறந்தேன். அம்மா முந்திக்கொண்டார். கண்ணாடியைப் பார்த்தபடி, முந்தானையைச் சரிசெய்துகொண்டே, குரலை ஏற்றாமல் இறக்காமல்:

“நீயே சொல்லு தம்பி. எனக்கு இது நல்லா இருக்கா?”

அப்பாவைத்தான். புருஷனைத்தான். கடைப்பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாவுக்கு மொட்டைத்தலை உச்சிவரை சிவந்தது.

“என்னா பேசுற நீ?”

“தம்பிட்ட கேக்காம யார்ட்ட கேக்குறது? இந்தப் பொண்ணு மட்டுமா சொல்லுது. பசார்ல மீன்காரர் கேட்டாரு. ஸ்கூல்ல ஒரு பிள்ளையோட அம்மா கேட்டாங்க. உங்க தம்பி நல்லாப் பாடுறாரு டீச்சர்னாங்க. நானும் ஆமான்னுட்டேன். ஒரு பொம்பள எவ்ளோ பேருக்கு விளக்கம் சொல்லிக்கிட்டு இருக்க முடியும்?”

கடைப்பெண் புடவையை மடிக்கத் தொடங்கினாள். மடித்ததையே திரும்ப மடித்தாள். அம்மா அந்த அரக்குப் புடவையையே எடுத்தார். வீட்டுக்குக் காரை நான்தான் ஓட்டினேன். இத்தனை மாதமாக அப்பாவின் உதடு, காது, தொண்டை என்று படம் போட்டுக்காட்டிய நான், அதே சோபாவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பார்க்கவே இல்லை. என் மேலேயே எனக்கு வந்த எரிச்சலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சிக்னலில் முன்னால் நின்ற மோட்டார் சைக்கிளுக்கு ஹாரன் அடித்தேன்.

அப்பா உடனே மாறிவிட்டார் என்று எழுதினால் பொய். திங்கட்கிழமை காலையில் ஷேவர் ஓடியது. செவ்வாயும் ஓடியது. புதன்கிழமை ஓடவில்லை. நான் கேட்கவில்லை. வாயைக் கட்டிக்கொண்டு இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அந்த வாரம்தான் தெரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தலையில் அரிசிமாவைத் தூவியதுபோல் முளைத்திருந்ததைத் தடவிக்கொண்டே அம்மாவிடம் கேட்டார்.

“பாக்க எப்படி இருக்கு?”

“சொரசொரன்னு.”

“அது தெரியும். பாக்க எப்படி இருக்கு?”

“என் வீட்டுக்காரர் மாதிரி இருக்கு,” என்றார் அம்மா, விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

அப்பா தலையிலிருந்து கையை எடுத்தார். பிறகு, “அப்ப என்னைப் பக்திப் பாட்டுக்கு மாத்திடுவாங்க,” என்றார். அதில் கோபமில்லை. வானிலை சொல்வதுபோல் சொன்னார். சாயம் அடித்த இத்தனை வருஷத்தில் அதை அவர் வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான்.

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாதே. மறுநாள் வேலை முடிந்ததும் நேராக இசைக்குழுத் தலைவரைக் காப்பிக்கடையில் பிடித்தேன்.

“அண்ணே, இந்தச் சனிக்கிழமை அப்பா நரையோட வர்றாரு. பென்சில் கிடையாது, ஷேவிங் கிடையாது. கோழிக்கு அப்புறம் அவர்தான் பாடணும்.”

“ஐயோ தங்கச்சி, எனக்கு என்னா வந்துச்சு. அவரு குரலுக்கு நான் அடிமை. கல்யாண வீட்டுக்காரங்கதான் வீடியோல பாத்துட்டு, சின்னப்பையன் இல்லியான்னு கேக்குறாங்க.”

“குரல் வீடியோல வயசா தெரியுதா?”

“காதல் பாட்டு பாடுறவரு தாத்தா மாதிரி இருந்தா ஜனங்க எந்திரிச்சு ஆடுவாங்களா, நீயே சொல்லு.”

“ஐம்பத்தேழு வயசுல காதல் வராதாண்ணே?”

“எனக்கு நாப்பத்தஞ்சுலயே வரல,” என்று தே தாரிக் டீயை உறிஞ்சினார். பிறகு யோசித்தார். “சரி. ஒரு பாட்டு. கூட்டம் எந்திரிச்சா, எப்பவும் போல. எந்திரிக்கலன்னா அண்ணன் முதல் பாட்டுக்குப் போயிடணும். கோவிச்சுக்கக்கூடாது. சரியா?”

சரி என்று சொல்லிவிட்டேன். வண்டியை எடுக்கும்போதுதான் உறைத்தது. அப்பாவுடைய இடத்தை அவரைக் கேட்காமலே பந்தயமாக வைத்துவிட்டு வந்திருக்கிறேன். வீட்டில் சொன்னேன். அவர் கோபம் இந்த முறை நிஜமானது. உன்னை யார் போகச் சொன்னது, நான் என்ன உன் ஆலையில் ஓடாமல் நின்றுபோன மெஷினா என்று கேட்டார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பிட வரவில்லை. அப்புறம் கதவுக்குப் பின்னாலிருந்து சுருதிப்பெட்டிச் சத்தம் கேட்டது. பாட்டை அரைக்கட்டை இறக்கிப் பாடிப் பார்த்தார். பிறகு ஏற்றியே பாடினார்.

இன்று வியாழன். தலை முழுவதும் வெள்ளை அரும்பு, மீசை உப்புக்கோடு. ஷேவர் இன்னும் குளியலறையில்தான் இருக்கிறது. அதை ஒளித்துவைக்கலாமா என்று நினைத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். எடுப்பதும் எடுக்காததும் அவர் பாடு. சனிக்கிழமை கோழித்தட்டு எடுத்த பிறகு அவர் மேடையேறுவார். கூட்டம் எழுந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. உட்கார்ந்தே இருந்தால், முதல் சரணத்திலேயே எழுந்துபோய் ஆடுவது என்று நானும் அம்மாவும் பேசிவைத்திருக்கிறோம். எனக்கு ஆட வராது. பள்ளி ஆண்டுவிழாவுக்குப் பிள்ளைகளைப் பழக்குகிற அம்மா, இன்று சாயங்காலம் சோபாவை ஓரமாகத் தள்ளிவிட்டு எனக்குச் சொல்லிக்கொடுப்பதாக இருக்கிறார்.